எரிகோட்டையின் கடைசிக் காட்சி

எரிகோட்டை ஆட்டத்தை அக்கா மூன்றாவது முறையாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு முறை எழுதினாலே ஒருத்திக்கு நாக்குத் தள்ளிவிடும். மூன்று முறை என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். வீடியோ கேம் கடைகளில் ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி நிற்குமே, காசு போட்டால் விளையாட விடுமே, அதில் பெயர்போன ஆட்டம் எரிகோட்டை. ஒரு வாள்வீரன், ஒரு கோடரிக் குள்ளன், ஒரு மந்திரக்காரி. மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இடமிருந்து வலமாக நடந்து, எதிரில் வருகிற எலும்புக்கூடு, பூதம், பல்லிமனிதன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வெட்டிச் சாய்க்க வேண்டும். மொத்தம் ஆறு கட்டம். ஆறாவதின் கடைசியில் இரும்புக் கவசம் மாட்டிய கோட்டைத் தலைவன் கதாயுதத்தோடு காத்திருப்பான். வெட்டுவதைத் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. ஆனால் அந்த வெட்டில் ஒரு சுகம் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. கடைப் பெட்டியில் ஓடுகிற அந்த ஆட்டத்தை வீட்டு டிவியில் மாட்டுகிற சின்ன மெஷினுக்கு ஏற்றபடி சுருக்கி, ஒரு கேசட்டுக்குள் அடைத்துத் தருவதுதான் அக்காவுடைய கம்பெனியின் வேலை.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு நீள அறை, நடுவில் ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு அந்தப்பக்கம் முதலாளி. இந்தப்பக்கம் படம் வரைகிற ஓவியர், அக்கா, அக்காவின் தம்பி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். இரண்டில் எது தேவலை என்று ஆறு வருடமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தை முதலில் உருவாக்கிய பெரிய கம்பெனிக்காரர்கள் மகா கெட்டிக்காரர்கள். ஒரு பெட்டியையும், படங்கள் அடங்கிய ஒரு தாள்கட்டையும் அனுப்பிவிட்டு, "பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று கையைக் கழுவிவிட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டவே மாட்டார்கள். அதனால் தம்பி அந்தப் பெட்டியில் விளையாடுவான், பக்கத்தில் வீடியோ கேமரா ஓடும். பிறகு அந்த டேப்பை டிவியில் போட்டு ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி எண்ணுவான். நொடிக்கு அறுபது படம். பூதம் கையை ஓங்குவதற்கு எத்தனை படம், இறக்குவதற்கு எத்தனை படம், அடி வாங்கினால் எத்தனை படம் தள்ளாடும் என்று கட்டம்போட்ட நோட்டில் எழுதிக் கொடுப்பான். அந்த நோட்டை வைத்துத்தான் அக்கா எழுதுவாள். கண்ணால் பார்த்துக் கையால் காப்பியடிக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வேலைக்குத் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்ததும் அக்காதான். முதல் நாள் முதலாளி முகத்தைச் சுளித்தார். "படிப்பு?" என்றார். "படிப்பு பாதியில நின்னுபோச்சு. ஆனா எரிகோட்டையை ஒத்தக் காசுல முடிச்சவன் சார் இவன்" என்றாள் அக்கா. முதலாளியின் சுளிப்பு நேராகிவிட்டது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எரிகோட்டையை முடித்தவர் எவருமில்லை. கடைசியில் வருகிறானே கோட்டைத் தலைவன், அவனிடம் போய் எல்லாரும் செத்தார்கள். அங்கே செத்தால் செத்ததுதான், மறுபடி காசு போட்டுத் தொடரவும் விடமாட்டான். பெட்டியின் பின்கதவைத் திறந்து 'எளிது' என்று வைத்தாலும் அவன் மட்டும் இளகமாட்டான். அவனுக்கு ஓவியர் வைத்த பெயர் மாமனார். தம்பிக்குப் பதினேழு வயதில் கேம் கடைப் பையன்கள் வைத்த பெயர் 'முடிச்சவன்'. பதின்மூன்று வருடமாக அந்தப் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அறிமுகம் செய்யும்போதெல்லாம் அக்காவே பெருமையாகச் சொல்வாள்.

முதல் கேசட்டில் இடம் போதவில்லை, இரண்டாவது ஆட்டக்காரரை வெட்டினார்கள். இரண்டாவது கேசட்டில் மந்திரக்காரியை வெட்டினார்கள். பாவம், ஓவியர் அவளுக்காக மூன்று மாதம் வரைந்திருந்தார். இரண்டிலுமே ஐந்து கட்டம்தான். ஐந்தாவது முடிந்ததும் 'சுபம்' என்று போட்டுக் கதவை மூடிவிட்டார்கள். இப்போது வந்திருக்கிற புது மெஷினில் இடம் தாராளம். ஆறு கட்டமும் வேண்டும், மூன்று பேரும் வேண்டும், இரண்டு ஆட்டக்காரரும் வேண்டும், முடிவும் அசல் மாதிரியே வேண்டும் என்று பெரிய கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. பதினான்கு மாதம் ஆனது. அக்காவுக்கு வலது மணிக்கட்டில் துணிக்கட்டு வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண்ணுக்குள் எலும்புக்கூடுகள் இடமிருந்து வலமாக நடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஞாயிற்றுக்கிழமையாக இல்லை.

அவள் தாக்குப்பிடித்ததே அந்த முடிவை நினைத்துத்தான். மாமனார் விழுந்ததும் கோட்டைக் கதவு திறக்கும். விடிகிற வெளிச்சம். மூன்று பேரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்காருவார்கள். குள்ளன் கோடரியை ஓரமாக வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்துக்கொள்வான். மந்திரக்காரி காலை நீட்டிக்கொள்வாள். வாள்வீரன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. பத்து நொடி அப்படியே இருக்கும். அப்புறம் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரும்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தம்பி வந்து சொன்ன முடிவு அது. அன்றிலிருந்து அக்காவின் மனத்தில் அது ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டது. இந்த முறை படமெடுக்கும்போது மாமனார் சாகிற இடத்துக்கு வந்ததும் டேப் தீர்ந்துபோய்விட்டது என்றான் தம்பி. அக்காவும் விட்டுவிட்டாள். அந்த இடத்தைத்தான் அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே. ஓவியர் மட்டும் ஒரு நாள், "அவங்க அனுப்பின தாள்கட்டுல உக்கார்ற படமே இல்லம்மா. தேடிப் பாத்துட்டு நானா வரைஞ்சேன்" என்று சொன்னார். விட்டுப்போயிருக்கும் என்றாள் அக்கா.

திங்கட்கிழமை கேசட்டை முடித்து, முறைப்படி மேலே தாள் ஒட்டி, தாளின் குறுக்கே முதலாளி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாயிற்று. முத்திரை வைத்ததைப் பரிசோதகர் வந்துதான் பிரிக்க வேண்டும். இடையில் யாராவது பிரித்தால் அந்தக் கம்பெனிக்கு அத்தோடு கும்பிடு. பரிசோதகர் வெள்ளிக்கிழமை வருகிறார். வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெரிய கம்பெனியிலிருந்து ஓர் உறை வந்தது. அசல் ஆட்டத்தில் திரையில் வருகிற வாசகங்கள் எல்லாம் வரிசையாக, அறுபத்துநான்கு வரி. எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குறிப்பு.

அக்கா டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அறுபத்திரண்டு வரை சரியாக இருந்தது. அறுபத்துமூன்று: 'நீங்கள் வென்றீர்கள். ஆனால் தீமை உறங்குவதில்லை.' அறுபத்துநான்கு: 'மீண்டும் புறப்படுங்கள், வீரர்களே.' கீழே சின்ன எழுத்தில், 'படம் கிடையாது. ஆட்டம் முதல் கட்டத்திலிருந்து, கூடுதல் கடினத்துடன் தொடரும்' என்று இருந்தது.

அவள் டீ டம்ளரை வைத்துவிட்டு, தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வெளிய வாடா" என்றாள்.

மாடிப்படி வளைகிற இடத்தில் இருவரும் நின்றார்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். தம்பி தாளைப் படித்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி படித்தான். பின்பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது?

"நீ முடிச்சியா, முடிக்கலையா?" என்றாள் அக்கா.

"அக்கா..."

"ஒரே வார்த்தையில சொல்லு."

"முடிக்கல."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் அதற்கும் அலுப்பாக இருந்தது. "ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல. அன்னைக்கு மழை. கடையில நான் மட்டும்தான். மாமனாருக்கு இன்னும் ரெண்டு அடி குடுத்தா போதும். கரண்ட் போயிடுச்சு. வாசல்ல ஒதுங்கி நின்னவங்க எல்லாம் உள்ள வந்து, 'என்னடா, முடிச்சிட்டியா'ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். திரையே இல்ல, யாரு பாக்கப்போறா? மறுநாள் முடிச்சு உண்மையாக்கிடலாம்னு நினைச்சேன். அந்த மறுநாள் இன்னும் வரல."

"சரி, அவனுங்ககிட்ட சொன்ன. என்கிட்ட எதுக்குடா அந்தக் கதையைக் கட்டுன? படிக்கட்டு, பூட்ஸு, உள்ளங்காலு! அத்தனையும் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

கீழே காற்றடிக்கிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"அப்பா போயி நாலு மாசம் ஆகியிருந்துச்சு" என்றான். "நீ காலேஜை விட்டுட்டு அந்தப் பேக்கிங் கம்பெனிக்குப் போயிட்டிருந்த. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. சாயங்காலம் வந்து வெந்நீர் வாளியில காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த. 'கடைசியில என்னடா ஆகுது'ன்னு கேட்ட. உன் காலைப் பாத்தேன். வாயில வந்ததைச் சொன்னேன்."

அடப்பாவி, இதை இத்தனை வருடம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா என் பக்கத்தில் உட்கார்ந்து எலும்புக்கூடு எண்ணினாய் என்று நினைத்தாள். அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும்போலவும் இருந்தது, பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யத் தெம்பில்லை.

"இங்க பாரு" என்றாள். "நாளைக்கு அந்த ஆள் இந்தத் தாளோட ஒப்பிட்டுப் பாப்பாரு. பாத்ததும் கேப்பாரு. நான் சொல்லிக்கிறேன், அழகா இருக்கட்டும்னு நானா சேத்தேன்னு. என்னைத் திட்டுவாங்க, மாத்தச் சொல்லுவாங்க, அவ்வளவுதான். நீ முடிக்கலைன்னு தெரிஞ்சா, முதலாளி உன்னை அன்னைக்கே அனுப்பிடுவாரு. வேற எங்கடா உனக்கு வேலை தருவாங்க, எலும்புக்கூடு எண்ணத் தெரியும்னா? வாயைத் திறக்காத. புரியுதா?"

தம்பி தலையாட்டினான்.

மறுநாள் பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். ஐம்பதைத் தொட்ட, கனத்த உடம்பு. இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. இந்த வாரத்தில் இது நான்காவது கம்பெனி என்றும், கட்டிலில் படுத்து மூன்று நாள் ஆயிற்று என்றும், கேட்காமலே சொன்னார். கைப்பையிலிருந்து கட்டம் கட்டமாக அச்சடித்த படிவத்தை எடுத்து வைத்தார். முத்திரையைப் பிரித்தார். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார்.

நன்றாகத்தான் விளையாடினார் மனிதர். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று போய்க்கொண்டே படிவத்தில் டிக் அடித்தார். ஆறாவது கட்டத்தில் மாமனாரிடம் செத்தார். அக்கா சோதனைப் பட்டனை அழுத்தி நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டாள். மறுபடி செத்தார். மூன்றாவது முறையும் செத்தார். மாமனாரும் என்ன செய்வார், தம்பி எண்ணிக் கொடுத்தபடி அடித்துக்கொண்டிருந்தார்.

"நேரமாகுது" என்றார் பரிசோதகர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "நேரா முடிவைக் காட்டுங்க."

அக்கா பட்டனை அழுத்தினாள். கதவு திறந்தது. மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். குள்ளன் பூட்ஸைக் கழற்றினான். எதிரே முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதை அக்கா மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பரிசோதகர் பத்து நொடியும் கண்ணிமைக்காமல் பார்த்தார். பிறகு, "ம்... இதேதான்" என்றார். "அசல்லயும் இப்படித்தான் வரும். நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்." பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒப்பிட வேண்டிய தாளுக்காகக் கைப்பையைத் திறக்கவே இல்லை.

அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அம்மாடி! ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒன்றும் மாற்ற வேண்டாம், மூவரும் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். நாளைக்குத் தூங்கலாம்.

"முடிச்சவன் சொன்னா தப்பா வருமா சார்!" என்று முதலாளி தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஒத்தக் காசுல முடிச்சவன் சார் இவன்."

"சார், கையெழுத்துப் போடாதீங்க" என்றான் தம்பி.

அறையில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இது அசல் முடிவு இல்ல சார். நான் கட்டின கதை. அக்கா நிஜம்னு நம்பி எழுதினாங்க. நான் எரிகோட்டையை முடிச்சதே இல்ல."

முதலாளியின் கை இன்னும் அவன் முதுகின்மேலேயே இருந்தது. சூடு பட்டதுபோல் எடுத்துக்கொண்டார். "என்னடா உளர்ற?"

"உளறல முதலாளி. கடைசியில அக்கா பேரு வருது. என்னைக்காவது நிஜமா முடிச்ச ஒருத்தன் வீட்டுல உக்காந்து இதைப் பாப்பான். யாருடா இந்தப் புளுகின்னு அக்காவைத்தான் கேப்பான். அது வேண்டாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அதோட எனக்கும் போதும். முடிச்சவனேன்னு யாராவது கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே திரும்பணும். பதிமூணு வருஷம். அலுத்துப்போச்சு."

முதலாளி பொரிந்து தள்ளிவிட்டார். ஆறு வருடமாகக் காதில் பூ சுற்றினாயா என்றார். அப்படியானால் மூன்று கேசட்டிலும் இவன் அளந்து கொடுத்த அத்தனையும் அளப்புதானா என்றார். தெரிந்தே மூடி மறைத்தாயா என்று அக்காவையும் ஒரு பிடி பிடித்தார். "நேத்துதான் தெரியும்" என்றாள் அக்கா. "நேத்து சொல்றதுக்கு என்ன?" என்றார். கடைசியாகத் தம்பியிடம், "நாளையிலேர்ந்து நீ..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பரிசோதகர். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "அந்தக் கவசக்காரன் மூணாவது அடி அடிச்சிட்டுத் திரும்புவானே. அதுக்கு எவ்வளவு?"

"பதினோரு படம் சார்."

"ரெண்டு பக்கமுமா?"

"இல்ல சார். இடது பக்கம் திரும்பினா பத்துதான். ஒரு படம் முந்திக்குவான். ஏன்னு தெரியாது, அசல்ல அப்படி இருக்கு. நாங்களும் அப்படியே வெச்சோம்."

பரிசோதகர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "இடது பக்கம்தான்" என்றார். "அந்தக் காலத்துல கடையில நான் செத்ததெல்லாம் அங்கதான். சரியாத்தானே விலகினோம், எப்படிடா அடி விழுதுன்னு மண்டையை உடைச்சுக்குவேன். இன்னைக்கும் உங்க கேசட்டுல மூணு தடவையும் அதே இடத்துல, அதே மாதிரி செத்தேன்." முதலாளி பக்கம் நிமிர்ந்தார். "நானும் முடிச்சதில்ல சார். போற கம்பெனியிலெல்லாம் எரிகோட்டையை முடிச்சவன்னு சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன். இந்த வேலைக்கு எடுக்கும்போதே அதைத்தான் முதல்ல கேட்டாங்க."

முதலாளி வாயில் ஈ போவதுகூடத் தெரியாமல் நின்றார்.

"நிஜமா முடிச்ச ஒருத்தனை நீங்க வேலைக்கு வெச்சிருந்தீங்கன்னா, அந்த ஒரு படத்தை அவன் கவனிச்சிருக்கவே மாட்டான். தாண்டிப் போயிருப்பான். இவன் ஆயிரம் தடவை செத்து எண்ணியிருக்கான். இவனை அனுப்பிட்டா அடுத்த ஆட்டத்துக்கு யாரை வெச்சு எண்ணுவீங்க?" கைப்பையைத் திறந்து அந்த அறுபத்துநான்கு வரித் தாளின் பிரதியை எடுத்தார். "முடிவை மட்டும் மாத்தணும். நான் பொய் சொன்னது என்னோட போகட்டும், தாள் பொய் சொல்லாது. ரெண்டு மணிக்குள்ள ஆகுமாம்மா?"

"அரை மணி நேரம் போதும்" என்றாள் அக்கா.

முதலாளி என்னமோ முணுமுணுத்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப்பக்கம் போய்விட்டார். நாளையிலிருந்து என்று தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்ட வாக்கியங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றுபோவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா உட்கார்ந்தாள். கடைசிக் காட்சியிலிருந்து வாள்வீரனை எடுத்தாள், மந்திரக்காரியை எடுத்தாள். குள்ளனிடம் வந்ததும் ஓவியர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். இந்தத் தொழிலில் அவருக்கு இதுதான் தலையெழுத்து. படிக்கட்டு போயிற்று, விடியல் போயிற்று. அந்த இடத்தில் இரண்டு வரி வந்தது. தீமை உறங்குவதில்லை, மீண்டும் புறப்படுங்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. தீமை உறங்காவிட்டால் போகிறது, மனுஷன் உறங்க வேண்டாமா? இப்படி எழுதினவன் எவனோ, அவன் ஒரு நாளாவது எட்டு மணி நேரம் நின்று பார்த்திருப்பானா?

புது சிப்பைப் போட்டுக் கேசட்டை மாட்டினாள். விதிப்படி மறுபடி முதல் கட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பரிசோதகர் பெருமூச்சு விட்டுவிட்டு, "நீயும் உக்காருப்பா, ரெண்டு பேரா போனா சீக்கிரம் ஆகும்" என்று தம்பியை அழைத்தார். வாள்வீரனும் குள்ளனும் கிளம்பினார்கள். மூன்றாவது கட்டத்தில் டீ வந்தது. பரிசோதகர் நடுப்பட்டனை அழுத்தினார். திரை கறுத்து, நடுவில் 'நிறுத்தம்' என்று ஒரு சொல் வந்து நின்றது. இருவரும் டம்ளரை எடுத்தார்கள்.

அக்கா அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாள். பதினான்கு மாதத்தில் அதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருப்பாள்.

"சார், இது உங்க படிவத்துல எந்தக் கட்டம்?"

"எதும்மா?"

"இந்த நிறுத்தம்."

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுக்குக் கட்டமே இல்லையே. கடைப் பெட்டியில ஏது நிறுத்தம்? நிறுத்தி வெச்சா அடுத்தவன் எப்ப காசு போடுறது? அது வீட்டு மெஷின்ல மட்டும் இருக்கிறது. அசல்ல இல்லாததை எதோட ஒப்பிடுறது?"

"அப்ப அதுல என்ன இருந்தாலும்..."

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார். "அதை மாத்தினா நான் திரும்ப முதல்லேர்ந்து ஆடணும், இல்ல?"

"ஆமா சார். மன்னிச்சிடுங்க. அரை மணி நேரம்."

"சரிம்மா, செய்ங்க" என்றார் அவர். "இன்னொரு டீ சொல்லுங்க."

ஜன்னல் பக்கமிருந்து ஓவியர் ஓடிவந்தார். அந்தப் படிக்கட்டுப் படங்கள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்று அக்கா கேட்பதற்குள் எடுத்து நீட்டினார்.

மூன்றாவது தடவையாக அன்று எரிகோட்டை முதல் கட்டத்திலிருந்து புறப்பட்டது. தம்பியும் பரிசோதகரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "இடது, இடது", "நான் பாத்துக்கிறேன், நீங்க பூதத்தைப் பாருங்க" என்று கத்திக்கொண்டு போனார்கள். ஆறாவது கட்டம் வந்தது. மாமனார் வந்தார். பரிசோதகரின் வாள்வீரன் முதல் சுற்றிலேயே போய்ச் சேர்ந்தான். தம்பியின் குள்ளன் மட்டும் மிச்சம். உயிர்க்கோடு நூலளவுதான் இருந்தது. முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது அடி. மாமனார் இடது பக்கம் திரும்பினார். எப்போதும்போலத் தம்பி ஒரு படம் பிந்திவிட்டான். கதாயுதம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் விரல் நடுப்பட்டனுக்குப் போயிற்று.

மாமனார் மறைந்தார். கதாயுதம் மறைந்தது. விடிகிற வெளிச்சத்தில் மூன்று பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். குள்ளன் பூட்ஸைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டான். பத்து நொடி ஆனது. இருபது ஆனது. பட்டனை மறுபடி அழுத்தும்வரை அவர்கள் அப்படியே இருக்கலாம், அக்கா அப்படித்தான் எழுதியிருந்தாள். அவள் நாற்காலியை இழுத்துத் தம்பிக்கும் பரிசோதகருக்கும் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்தாள்.

தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து முதலாளியின் குரல் வந்தது. "என்ன, சத்தத்தையே காணோம்? முடிச்சாச்சா?"

"இல்ல முதலாளி" என்றான் தம்பி. "இன்னும் முடிக்கல."

பட்டனை யாரும் தொடவில்லை.